வாயில் வராத தெரு

நீங்க தமிழா? நெனச்சேன். அந்தப் பிள்ளை செல்போனைப் பாத்து, "இதுல பாத்ரூம் உள்ளயே இருக்கு, இதுல மொட்டை மாடியில சாப்பாடாம்"னு வாசிச்சதுமே என் காது அங்க வந்துட்டு. ஒட்டுக்கேட்டேன்னு நெனைக்காதீங்க தம்பி. ஜோத்பூர்ல ரயில் ஏறினதுல இருந்து ஒரு வார்த்தை புரியாம உக்காந்திருக்கேன். நம்ம பேச்சு விழுந்தா காதை எங்க கொண்டுபோய் வைக்க?

புதுசாக் கல்யாணம் ஆனவங்க. தெரியுதே. தாலிக் கயித்துல மஞ்சள் இன்னும் அப்பிடியே இருக்கு. ஈரோடா? நல்லா இருங்க. நான் வள்ளியூர். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவுல. ஆறுமுகநயினார்னு பேரு. நயினார்னு சொன்னாப் போதும்.

ஜெய்சல்மேர்ல எங்க தங்குறதுன்னுதானே உங்களுக்குள்ள சண்டை? என்கிட்ட கேளுங்க. எனக்கு அந்த ஊர் தெரியும். இப்ப மூணாவது தடவையாப் போறேன்... பாருங்க, 'போறேன்'ங்கிற வார்த்தை என் வாயில வரவே வராது, உங்களோட பேசுத சந்தோஷத்துல வந்துட்டு. போயிட்டு வாரேன். மூணாவது தடவையாப் போயிட்டு வாரேன்.

கோட்டைக்குள்ள தங்கலாம். ஏறி இறங்கணும், சந்துக்குச் சந்து மாடு நிக்கும். உங்க வயசுக்கு அது ஒண்ணும் இல்லை. ஆனா நான் சொல்லுதது கூடாரம். ஊரை விட்டு வெளிய, மணல்மேட்டுப் பக்கம், வரிசையாக் கூடாரம் போட்டு வச்சிருக்கான். கூடாரம்னா நம்ம சர்க்கஸ் கூடாரம் இல்லை. உள்ள கட்டில், ஏசி, பைப்பைத் திறந்தா வெந்நீர். ஒட்டகம் வாசல்லயே நிக்கும். சாயங்காலம் ஆட்டம் பாட்டு. கண்ணை மூடிக்கிட்டு அங்க போங்க. என் மாப்பிள்ளை எங்களை அங்கதான் தங்க வச்சான். ராஜா மாதிரி வச்சிருந்தான்.

இன்னொண்ணு, கோட்டைக்குக் கீழ பழைய தெருவுக. வீட்டு மாடியை ரூமாக்கி வாடகைக்கு விடுதாங்க. வீட்டுக்காரங்களே ரொட்டி சுட்டுத் தருவாங்க, நடந்தே கடை கண்ணிக்குப் போகலாம், எல்லாம் உண்டு. அங்க மட்டும் வேண்டாம்.

ஏன்னா பேரு. நம்ம ஊர்ல மேலத்தெரு கீழத்தெருன்னு கடைசியில 'தெரு'வைச் சேக்கோம்லா, அதே மாதிரி அவன் ஒரு வார்த்தையைச் சேக்கான். 'பா'ல ஆரம்பிச்சு 'டா'ல முடியும். நடுவுல வேற எழுத்தே கிடையாது. அந்த 'டா' நம்ம வாய்க்குள்ள வந்தா 'டை'ன்னுதான் விழும். சேத்துப் பாருங்க. மூங்கில் வெட்டி, பச்சை ஓலை முடைஞ்சு, நாலு பேர் தோள்ல தூக்கி... ஆங். நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொல்லலை. நான் சொல்லமாட்டேன்.

சிரிக்காதீங்கம்மா. எனக்கு வார்த்தைதான் தொழில். மங்களம் அச்சகம்னு வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல கேட்டுப் பாருங்க. ஈய எழுத்தைக் கையால பொறுக்கிக் கோத்த காலத்துல இருந்து இந்தத் தொழில்ல இருக்கேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, இது மட்டும்தான் அடிப்பேன். கறுப்புக் கட்டம் போட்டு அடிக்கிறது, போட்டோ போட்டுச் சுவத்துல ஒட்டுறது, அதைக் கையால தொட்டதில்லை. யாராவது அழுத முகத்தோட கடைக்குள்ள வந்தா, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, எதிர்க் கடைக்கு அனுப்பிருவேன். எதிர்க் கடைக்காரன் அதுலயே மாடி கட்டிட்டான். கட்டட்டும். கல்யாணப் பத்திரிகை ஓடுற மிஷின்ல அதையும் ஓட்டினா, மறுநாள் மஞ்சப்பையோட பத்திரிகை வாங்க வாரவன் கையில நான் எதைக் குடுக்கேன்னு அர்த்தம்?

வீட்டுலயும் அப்பிடித்தான். விளக்கை அணைன்னு சொல்லக்கூடாது, குளிர வைன்னு சொல்லணும். அரிசி தீந்துட்டுன்னு சொல்லக்கூடாது, அரிசி வாங்கணும்னு சொல்லணும். எங்க பக்கம் பேச்சுக்குப் பேச்சு ஒரு வார்த்தை வரும் தம்பி. உயிர் போன உடம்புக்கு என்ன பேரு? அந்த வார்த்தை. பேனா எழுதலைன்னாலும் அதைச் சொல்லித்தான் திட்டுவான், பஸ் வரலைன்னாலும் அதைச் சொல்லித்தான் திட்டுவான். கூட்டாளியைச் செல்லமாக் கூப்பிடுததுக்கும் அதான். திருநெல்வேலிச் சீமையில பொறந்து, இந்த வயசு வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாதவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

என் மக சின்னப் பிள்ளையா இருக்கும்போது, கணக்குல மார்க் குறைஞ்சிட்டுன்னு நான் ஏசினேன். பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "அதை விடுப்பா"ங்கதுக்குப் பதிலா அந்த வார்த்தையைப் போட்டு விடுப்பான்னுட்டா. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் பேசுதது. வாயில ஒண்ணு போட்டேன். உதடு பல்லுல பட்டுக் கிழிஞ்சிட்டு. அன்னைக்கோட சரி. அதுக்குப் பிறகு ஒரு வேண்டாத வார்த்தை அவ வாயில வந்ததில்லை. காய்ச்சல்னு சொல்லமாட்டா, "உடம்பு லேசாச் சூடா இருக்குப்பா"ம்பா. வலிக்குதுன்னு சொல்லமாட்டா, "ஒரு மாதிரி இருக்குப்பா"ம்பா. சொந்தக்காரங்க எல்லாம் அசந்து போவாங்க. அப்பிடி வளத்தேன்.

அவளுக்கு என்ன பேரு வச்சேன் தெரியுமா? சுமங்கலி. அதுக்கு மேல மங்களமான வார்த்தை தமிழ்ல கிடையாது. வீட்டுல சுமா. கல்யாணப் பத்திரிகையை நானே கோத்தேன், நானே அடிச்சேன், நாலு மூலையிலயும் மஞ்சள் நானே தடவினேன். 'திருவளர்ச்செல்வி சுமங்கலி'ன்னு பாத்ததும், தாலி ஏறுததுக்கு முன்னாலயே சுமங்கலி ஆயிட்டாளேன்னு கேலி பண்ணாத ஆள் இல்லை.

மாப்பிள்ளை நம்பிராஜன். பணகுடிக்காரன். காத்தாடி இன்ஜினியர். எங்க பக்கம் ஆரல்வாய்மொழியில கரண்ட் எடுக்குத காத்தாடி சுத்துமே, பாத்திருப்பீங்க. அதே காத்தாடி இங்க பாலைவனத்துலயும் சுத்துது. எங்க ஊர்ப் பையனுவ நெறையப் பேரு இங்கதான் இருக்கானுவ. கல்யாணம் முடிஞ்ச கையோட சுமாவை இங்க கூட்டிட்டு வந்துட்டான். ஊருக்கு வந்தா கால்ல விழுந்து கும்பிடுவான். மாமா மாமான்னு ரெண்டு நாளைக்கு ஒருக்கா போன் பண்ணுவான். என் மக பண்ணுததை விட அவன் பண்ணினதுதான் அதிகம்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒருநாள் சுமா பேசினா. எப்பவும் அவ அம்மாகிட்டதான் பேசுவா, அன்னைக்கு அப்பாகிட்ட குடுன்னு கேட்டு வாங்கிப் பேசினா.

"அப்பா, நீங்களும் அம்மாவும் ஒருதடவை வாங்கப்பா. எங்க வீடு ஒத்த அறை, உங்களுக்குச் சரிப்படாது. எதிர்த்த வீட்டு மாடியில ரூம் இருக்கு. கேசர் பாய்னு ஒரு அம்மா விடுதாங்க. நான் சொல்லி வச்சிட்டேன். அந்த ஜன்னல்ல உக்காந்தா எங்க அடுப்படி தெரியும்பா. இங்க பேசினா அங்க கேக்கும். நீங்க அங்கதான்பா தங்கணும்."

அங்கதான் தங்கணும், அங்கதான் தங்கணும்னு திருப்பித் திருப்பிச் சொன்னா. எதிர்த்த வீடுன்னா தோசையைச் சூடாக் கொண்டு வந்து குடுக்கலாம்னு பிள்ளை ஆசைப்படுதான்னு நெனச்சேன். சரி, விலாசத்தைச் சொல்லுன்னேன். மோத்தின்னு ஆரம்பிச்சு அந்தப் பேரைச் சொன்னா. செல்போனைக் காதுல இருந்து எடுத்துட்டேன். மோத்தின்னா முத்தாம். முத்து பதிச்சா அது பல்லக்கு ஆயிருமா?

"சுமா, இந்த வார்த்தையை வாயால சொல்லுதியே, உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன்?"

"அப்பா, அது பேருதான்பா. இங்க தெருவை அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"ஊர்ல வேற இடமே இல்லையா?"

போனை வச்சிட்டாளோன்னு பாத்தேன். வைக்கலை. பொறவு பைய, "எனக்காக ஒரே ஒருநாள் அங்க தங்குங்கப்பா"ன்னா. பிடிவாதம்! அவ என்கிட்ட பிடிவாதம் பிடிச்சது பொறந்ததுல இருந்து அந்த ஒரு தடவைதான். நான் அசையலை. மகளைப் பாக்க மங்களமாக் கிளம்புத பயணம், முதல் அடியையே அந்தப் பேர்லயா வைக்கணும்?

அன்னைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளை போன் பண்ணினான். "மாமா, அவ பேச்சைக் கேட்டு அந்தச் சந்துக்குள்ள வந்து கஷ்டப்படாதீங்க. கூடாரத்துல ரூம் சொல்லிட்டேன்"னான். நான் அவளோட பேசினது இவனுக்கு எப்பிடி உடனே தெரிஞ்சுதுன்னு உலகு கேட்டா. உலகு என் வீட்டுக்காரி, உலகம்மாள். புருஷன் பொண்டாட்டின்னா பேசிக்கிட மாட்டாங்களா, இதுல என்ன அதிசயம்னேன்.

வந்தோம். குளிர் போய் வெயில் ஏறுற சமயம். மாப்பிள்ளையே கார் ஓட்டிக்கிட்டு சுமாவைக் கூடாரத்துக்குக் கூட்டிட்டு வந்தான். பிள்ளை மணிக்கட்டு வரைக்கும் சட்டை போட்டு, கழுத்தைச் சுத்திச் சால்வை சுத்தியிருந்தா. வெயில் கொளுத்துது. "ஏட்டி, அந்தச் சால்வையை எடு, வேக்குது"ன்னு உலகு கையைக் கொண்டு போனா. சுமா சட்டுனு விலகிட்டா. எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி. வள்ளியூர்ல துப்பட்டாவை ஒழுங்காப் போடுன்னு தினம் சண்டை நடக்கும். இங்க வந்து அவ்வளவு அடக்கம்.

என்ன கேட்டாலும் மாப்பிள்ளைதான் பதில் சொன்னான். "ஏன் இப்பிடி மெலிஞ்சு போயிட்டா?"ன்னு உலகு கேட்டா, "டயட்ல இருக்கா அத்தை"ன்னு சிரிச்சான். "நல்லாத் தூங்குதியா?"ன்னு கேட்டா, "எங்க அத்தை, டிவியே கதின்னு கிடக்கா"ன்னான். அவளை வாயைத் தெறக்கவே விடலை, அவ்வளவு பிரியம்.

உலகு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நான் மட்டும் அவ வீட்டுல ஒருநாள் இருந்துட்டு வாரேன்"னா. மாப்பிள்ளை ஒட்டகத்துக்குச் சொல்லி வச்சிருக்கான், அவன் மனசு என்ன பாடுபடும்? வேண்டாம்னுட்டேன். ஒட்டகத்துல ஏறினேன். வாழ்க்கையில முதல் தடவை. அது எந்திரிக்கும்போது ஆளைக் கவுத்துரும், தெரியுமா? சுமா கீழ நின்னு, "கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்கப்பா"ன்னா. அன்னைக்கு அவளாச் சொன்னது அது ஒண்ணுதான்.

கிளம்பும்போது கார்ல ஏறி உக்காந்துக்கிட்டு, "போறேன்பா"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. காரை எடுக்கப் போனவனை நிறுத்தச் சொல்லி, கதவைப் பிடிச்சுக்கிட்டு, "போயிட்டு வாரேன்னு சொல்லு"ன்னேன். என்னையே பாத்தா. "சொல்லுளா." "போயிட்டு வாரேன்பா"ன்னா. சொல்லிட்டுத்தான் போனா. அதுல ஒரு குறையும் கிடையாது.

சித்திரையில அது நடந்துச்சு.

எதுவா? அதும்மா. மாடியில துணி காயப் போடுததுக்குப் போயிருக்கா. கால் தடுக்கிட்டு. அந்த ஊர் மாடியில கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் இருக்கும், நீங்க போனா நீங்களே பாப்பீங்க. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தானாம். போன்ல அழுதான். அவனுக்காக நான்தான் தைரியம் சொன்னேன்.

நாங்க வந்து சேர்ந்தோம். நான் தெரு முனையிலயே நின்னுட்டேன். உள்ள போகலை. உலகு மட்டும் ஓடினா. நான் ஒரு டீக்கடை ஓரமா நின்னேன். கொஞ்ச நேரத்துல அந்தத் தெருவுக்குள்ள இருந்து சுமாவை வெளிய கொண்டு வந்தாங்க. எதுல வச்சுக் கொண்டு வந்தாங்கன்னு சொல்லணுமா? அந்தத் தெருவோட பேர்லயே வச்சுக் கொண்டு வந்தாங்க. நான் சொன்னேனா இல்லையா? பேரு சும்மா இருக்காது தம்பி. யார் கேட்டா?

ஊருக்குத் திரும்பினா, எதிர்க் கடைக்காரன் நான் கேக்காமலே போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டான். போட்டோ கூடாரத்துல எடுத்தது, சால்வையோட. அடியில பெரிய எழுத்துல 'சுமங்கலி'. பஸ்ஸுக்கு நிக்கவன் எல்லாம் அது பேரா பட்டமான்னு தெரியாம வாசிச்சிட்டு நின்னான். விசாரிக்க வந்த பொம்பளைங்க, "பேருக்கு ஏத்த மாதிரி சுமங்கலியாவே போயிட்டா, குடுத்து வச்சவ"ன்னாங்க. எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு. நான் வச்ச பேரு அந்த மட்டுக்கும் வீண் போகலையே. உலகு எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிட்டா.

காரியம் முடிஞ்ச அன்னைக்கு, வந்தவங்க எல்லாம் போன பிறகு, உலகு என் எதிர்ல வந்து உக்காந்தா. கேசர் பாய் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாளாம், சுமாவை எடுத்த அன்னைக்கு. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது. தன் ஜன்னலைக் காட்டி, சுமா வீட்டு அடுப்படியைக் காட்டி, ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, அதுக்கு என்ன அர்த்தம்னு கையால கேட்டாளாம். அந்த வீட்டுல இருந்து அடிக்கடி கேட்ட வார்த்தையாம். முதல்ல ஏதோ சாமி பேருன்னு நெனச்சதாக் கையைக் கூப்பிக் காட்டினாளாம். பொறவு அப்பிடி இருக்காதுன்னு தலையை ஆட்டினாளாம். தமிழ் வார்த்தைதான்.

'அடிக்காதீங்க.'

தண்ணி இருக்கா தம்பி? இருக்கட்டும், பைய எடுங்க.

நான் நம்பலை. காதால கேட்ட வார்த்தைக்குப் புரூப் பாக்க முடியுமா? ஒரு எழுத்து மாறினா 'அடுக்காதீங்க' ஆயிரும். பாத்திரத்தை அங்க அடுக்காதீங்கன்னு சொல்லியிருப்பா. அதுவும் இல்லாம, அடிக்கிறதுங்கிறது எங்க தொழில்ல தினம் பத்து தடவை வார வார்த்தை. பத்திரிகை அடிக்காதீங்க, தேதி மாறியிருக்கும்பான். கறுப்பு மையில அடிக்காதீங்கம்பான். அச்சாபீஸ்காரன் மக வாயில அந்த வார்த்தை வரக்கூடாதா? இதையெல்லாம் உலகுகிட்ட சொன்னேன்.

சரி, அப்பிடியே வச்சுக்கிட்டாலும்னேன். அப்பிடியே வச்சுக்கிட்டாலும், 'அடிக்காதே'ன்னு சொல்லலை பாத்தியா? 'அடிக்காதீங்க.' அந்த நேரத்துலயும் 'ங்க' போட்டுத்தான் பேசியிருக்கா. அது நம்ம வளர்ப்புன்னேன்.

ஏம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க? நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே.

உலகுக்குக் கோபம் வரலை. வந்திருந்தா சமாளிச்சிருப்பேன். பொறவு எந்திரிச்சுப் போய், சுமா போட்டோ முன்னால எரிஞ்ச விளக்கை வாயால ஊதினா. "விளக்கு அணைஞ்சு போச்சு"ன்னா. என் வீட்டுல, என் முன்னால, அந்த வார்த்தையைச் சொன்னா. "அணைஞ்சு போச்சு. இப்பவும் குளிர்ந்துட்டுன்னுதான் சொல்லணுமா?"ன்னு கேட்டா. காலையில பாத்தா ஆளைக் காணோம். ஒரு வார்த்தைக்காகப் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போவாளா தம்பி? நீங்களே சொல்லுங்க.

இங்கதான் இருக்கா. அந்த மாடி ரூம்ல. சுமா எங்களுக்குன்னு சொல்லி வச்ச அதே ரூம். கேசர் பாயோட சேந்து அடுப்பு வேலை பாக்காளாம். ரெண்டு பேரும் பாஷை தெரியாம, கையையும் காலையும் காட்டிப் பேசிக்கிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையா நடந்து இப்ப விசாரணை வந்துட்டு. கேசர் பாய் அங்க எல்லார் முன்னாலயும் அந்த வார்த்தையைச் சொன்னாளாம். தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளை வரவழைச்சு அர்த்தம் கேட்டாங்களாம். அந்தம்மா ஒரு எழுத்து பிசகலையாம். கடைசி 'ங்க' உள்பட.

இப்ப என்னைக் கூப்பிட்டிருக்காங்க, பெத்தவன் என்ன சொல்லுதான்னு கேக்க. மாப்பிள்ளை போன்ல, "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொய் சொல்லவேண்டாம். உங்க கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. கூடாரத்துல பாத்தீங்கள்ல, அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு?"ன்னான். நியாயம்தானே? நான் பாத்ததுல என்ன குறை இருந்துச்சு? அவனே டிக்கெட் எடுத்து அனுப்பினான். தங்குறதுக்கும் அந்தக் கூடாரத்துலயே சொல்லியிருக்கான். ரயில் ஸ்டேஷனுக்குக் கார் வரும்.

என்னம்மா கேட்டீங்க? உலகு இருக்க இடத்துக்கு ஏன் போகலைன்னா? எப்பிடிம்மா போக? ஆட்டோக்காரன்கிட்ட அந்தப் பேரைச் சொல்லணுமே. நான் இல்லைன்னா யார் சொல்லுவா?

ஜன்னலா? ஆமா, அந்த ஜன்னல்ல உக்காந்தா அடுப்படி தெரியும், பேசினா கேக்கும்னு சொன்னா. ஏன் சொன்னான்னா, அதான் சொன்னேனே, தோசையைச் சூடா...

இல்லைங்கிறீங்க.

நாங்க பாக்கணும்னு கூப்பிட்டாங்கிறீங்க. ஒருநாள் அந்த ஜன்னல்ல இருந்தாப் போதும், நாங்களே பாத்துக்கிடுவோம்னு.

அப்ப அதை வாயைத் தெறந்து சொல்லியிருக்கலாம்லா? அப்பா இப்பிடி இப்பிடி, என்னை வந்து கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. போன்ல முடியலைன்னா கூடாரத்துல வச்சு. மாப்பிள்ளை அந்தப் பக்கம் போன நேரத்துல. நான் ஒட்டகத்து மேல இருக்கும்போது. கார்ல ஏறும்போது கூட... கார்ல ஏறும்போது 'போறேன்பா'ன்னுதான் சொன்னா. நான்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு...

எந்த வார்த்தையை வச்சு அவ சொல்லியிருப்பான்னு கேக்கீங்க.

தண்ணி குடுங்க தம்பி.

நல்லா இருங்கம்மா. கேட்டது தப்பில்லை. உலகு இப்பிடிக் கேக்கலை. கேட்டிருந்தா நான் எதையாவது சொல்லி வாயடைச்சிருப்பேன். அவளுக்குத் தெரியும்.

காத்தாடி தெரியுது பாருங்க, வரிசையா. ஊர் வந்துட்டு. காத்து இல்லை போல, ஒண்ணும் சுத்தலை. பெட்டியை எடுத்துக்கிடுங்க, கூட்டம் மொத்தமா எந்திரிக்கும்.

இருங்க, போன் அடிக்குது. மாப்பிள்ளைதான். ஹலோ. ஆமா மாப்பிள்ளை. வந்துட்டேன். சாப்பிட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. சரி. சரி மாப்பிள்ளை. அதெல்லாம் ஞாபகம் இருக்கு.

பிளாட்பாரத்துலயே நிக்கானாம்.

நீங்க கடைசியில எங்கதான் தங்கப் போறீங்க? எங்கம்மா? அந்தத் தெருவுக்கா? நான் இவ்வளவு சொல்லியும் அங்கயா? சரிதான். அப்ப ஆட்டோ பிடிப்பீங்க. ஆட்டோவுல மூணு பேரு உக்காரலாம்.

நான் ஒரு வார்த்தை சொல்லுதேன், சரியா இருக்கான்னு பாருங்க. மோத்தி. இது வருது. மோத்தி பா... பா... பாடை. பாத்தீங்களா. பாடைன்னுதான் வருது. சொல்லிட்டேன், பாருங்க. என் வாயாலயே சொல்லிட்டேன். பாடை. பாடை. அதுலதான் என் பிள்ளையை வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, நான் டீக்கடை ஓரமா நின்னேன். இன்னொரு தடவை சொல்லுதேன். வாயை நல்லாத் தெறக்கணும். டா. பாடா. மோத்தி பாடா. வந்துட்டா? நீங்க சொல்லுங்கம்மா, கேக்கேன். மோத்தி பாடா. ஆமா, தெருவு. வெறும் தெருவுதான். அதைத்தான் பிள்ளையும் சொன்னா.

கேசர் பாய்க்குத் தமிழ்ல வேற ஒரு எழுத்து தெரியாது. என் மக சொன்னதை எழுத்து பிசகாம மனசுல வச்சிருந்து சொல்லியிருக்கா. எனக்கு எழுத்துதான் பொழப்பு, இதை ஒரு ஆட்டோக்காரன்கிட்ட சொல்லமாட்டேனா? உலகு கதவைத் தெறப்பாளான்னு தெரியலை. தெறக்கலைன்னா படியில உக்காந்திருப்பேன். விசாரிக்கவங்க அங்க வந்து கேக்கட்டும். 'ங்க' உள்பட சொல்லுதேன்.

வண்டி நின்னுட்டு. அந்தா, வெள்ளைச் சட்டை, கண்ணாடி போட்டுக்கிட்டு. என்னைப் பாத்துட்டான், கையைக் காட்டுதான். பாக்காதீங்க. தம்பி, அந்தக் கடைசிக் கதவு வழியா இறங்குவோம், என் பையைக் கொஞ்சம் பிடிங்க. கார் கொண்டு வந்திருக்கான்தான், ரொம்ப நேரமா நிக்கான்தான். நிக்கட்டும். அந்தச் சவம் அங்கயே நிக்கட்டும்.